டார்செட் கடலோரத்தில் நான்கு நாள், அப்பா அம்மாவோடு: எங்கே நடக்கலாம்?

கோபி மஞ்சக்காடு:
வணக்கம்ங்க. தம்பி இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் வேலையில் இருக்கிறான். ஜூன் மாதம் கோபியிலிருந்து அப்பா (68), அம்மா (61) இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். லண்டன் பார்த்து முடித்த பிறகு நான்கு நாள் கையில் இருக்கும், அதில் கடலோரம் நடக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அப்பா போன வருடம் வரை வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர், அம்மாவுக்கு மூட்டு வலி, ஏற்றம் ஆகாது, சமதரை என்றால் மெதுவாக ஒரு மைல் நடப்பார். சுத்த சைவம் வேறு. கார்ன்வால் போகச் சொல்கிறார்கள், தம்பி டார்செட் போதும் என்கிறான். கார் இல்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்க.

நொய்யல்கரை:
தம்பி சொல்வதுதான் சரிங்க. கார்ன்வால் அழகுதான், ஆனால் போய் வருவதிலேயே இரண்டு நாள் கரைந்துவிடும். டார்செட் சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்து மாவட்டம். பனியன் ஆர்டர் விஷயமாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நாள் ஒதுக்கி நடந்துவிடுவேன். லண்டன் வாட்டர்லூவிலிருந்து வேமத் போகும் ரயில் சவுத்தாம்ப்டன் வழியாகத்தான் போகிறது. வூல் ஸ்டேஷனில் இறங்கினால் லல்வொர்த் கோவ் ஐந்து மைல், பஸ் நேரத்தை முந்தின நாளே பார்த்து வையுங்க.

லல்வொர்த்தில் அம்மா உட்கார்ந்தே பார்க்கலாம், ஊரிலிருந்து கரை வரை தார் ரோடு. வட்டமான சின்ன விரிகுடா அது. கடல் பக்கம் கெட்டியான சுண்ணாம்புப் பாறை, அதற்குப் பின்னால் இளகிய களிமண். ஒரு இடத்தில் பாறை உடைய, உள்ளே புகுந்த அலை களிமண்ணைத் தின்று அகட்டிவிட்டது, அதற்கும் பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்று வந்து நிறுத்தியது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

அப்பாவை அங்கிருந்து டர்டில் டோர் கூட்டிப்போங்க. கடலுக்குள் நிற்கும் பாறை வளைவு, மேட்டுப் பாதையில் சுமார் இரண்டு கிலோமீட்டர். வெள்ளியங்கிரி ஏறிய காலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் மழை பெய்திருந்தால் சுண்ணாம்பு மண் சறுக்கும், செருப்போடு போகாதீங்க, நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். நான் என் அம்மாவைச் செருப்போடு அழைத்துப்போய், இறங்கும்போது அவர் விழுந்து மணிக்கட்டு வீங்கி, இரண்டு நாள் ரூமிலேயே இருந்தோம். இப்போது நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.

மதுக்கரை:
எங்க ஊர்க்காரர் கண்ணோடு ஒன்று சொல்கிறேன். நம் சிமென்ட் மூட்டையில் ‘போர்ட்லாந்து’ என்று இருக்கிறதே, அந்தப் பெயர் டார்செட்டின் போர்ட்லாந்து என்ற இடத்திலிருந்து வந்தது. 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கும்போது, இறுகிய பிறகு போர்ட்லாந்து கல் மாதிரி இருக்கிறது என்று அப்படிப் பெயர் வைத்தார். லண்டன் செயின்ட் பால் பேராலயமே அந்தக் கல்தான். சிமென்ட் ஆலைச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான், அந்தக் கல்குவாரிகளைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

வேமத்திலிருந்து போர்ட்லாந்துக்கு பஸ் இருக்கிறது. வழியிலேயே செசில் பீச், 29 கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் கூழாங்கல். மேற்குக் கோடியில் பட்டாணி அளவு, போர்ட்லாந்து பக்கம் வர வரப் பெரிதாகி முட்டை அளவு. அம்மாவை அந்தக் கல்லில் நடக்க விடாதீங்க, கணுக்கால் திரும்பிவிடும். தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம், இழுப்பு பலமானது.

பொள்ளாச்சி டீச்சர்:
லைம் ரீஜிஸ் விட்டுவிடாதே கண்ணு. மேரி ஆனிங் பிறந்த ஊர். தச்சர் மகள். 1811-ல் அவள் அண்ணன் ஒரு விலங்கின் மண்டையோட்டைக் கண்டெடுக்க, மீதி எலும்புகளை அடுத்த வருடம் இவள் கண்டெடுத்தாள். அது இக்தியோசார், டைனோசார் காலத்துக் கடல் ஊர்வன. 1823-ல் பிளீசியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனவின் முழு எலும்புக்கூடும் அவள் கையில்தான் கிடைத்தது. பெண் என்பதால் லண்டன் புவியியல் சங்கம் அவளை உறுப்பினராகச் சேர்க்கவில்லை, 2022-ல்தான் ஊரில் சிலை வைத்தார்கள். என் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு வருடாவருடம் இவள் கதையைச் சொல்கிறேன்.

பக்கத்து சார்மவுத் கரையில் உதிர்ந்து கிடக்கும் புதைபடிவக் கல்லைப் பொறுக்கலாம், குன்றைக் குடையக் கூடாது, அடியில் நிற்கவும் கூடாது, சரிந்து விழும். கடல் வற்றுகிற நேரத்தில்தான் போக வேண்டும்.

சாப்பாட்டுக்குப் புளிசோறு கட்டிக்கொள். கடையில் ஸ்கோன் என்ற சின்ன பன்னும் டார்செட் ஆப்பிள் கேக்கும் கிடைக்கும், கேக்கில் முட்டை இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

நொய்யல்கரை:
ஒன்று விட்டுப்போச்சுங்க. லல்வொர்த்துக்குக் கிழக்கே டைன்ஹாம் என்று ஒரு ஊர். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக ஊரையே காலி செய்யச் சொன்னார்கள், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். போர் முடிந்தும் திரும்ப விடவில்லை. இப்போதும் ராணுவ நிலம்தான். கூரை இல்லாத வீடுகள், சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் திறந்துவிடுகிறார்கள், தரை அம்மாவுக்கும் ஒத்துவரும். பஸ் கிடையாது, பக்கத்து ஊரான வேர்ஹாமிலிருந்து டாக்ஸி பேசிக்கொள்ளுங்க.

கோபி மஞ்சக்காடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டைன்ஹாம் பற்றி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அப்பாவோட அப்பிச்சி ஊர் பவானிசாகர் அணைக்குள் போன ஊர். அணையில் தண்ணீர் வற்றி டணாய்க்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரியும்போதெல்லாம் அப்பா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார், எதுவும் பேசமாட்டார். இதைக் கேட்டதும் முதலில் அங்கே போகலாம் என்றார். சர்ச்சுக்குள் போக விடுவார்களா என்று கேட்கச் சொன்னார்.

நொய்யல்கரை:
விடுவார்கள்ங்க. சர்ச்சும் பள்ளிக்கூடமும் உள்ளே போய்ப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள், ஊர்க்காரர்கள் விவரமும் போட்டிருக்கும். அப்பாவை அவசரப்படுத்தாதீங்க. டாக்ஸிக்காரரை மதியத்துக்கு மேல் வரச் சொல்லிவிடுங்க.