புதுப்பிப்பு: பகல் மின்னலும் சென்சார் டிரிகரும்

பகல் மின்னலைப் படமெடுக்க, மின்னல் ஒளியை உணர்ந்து கேமராவின் ஷட்டரைத் தானே திறக்கும் சென்சார் டிரிகர் என்ற கருவி உதவுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். உதவுகிறது, அருமையாக! ஒரே மின்னலில் பல வீச்சுகள், சில பத்து மில்லிவினாடி இடைவெளியில் அடுத்தடுத்து இறங்குவதுண்டு. முதல் வீச்சின் ஒளியை உணர்ந்து டிரிகர் ஷட்டரைத் திறப்பதற்குள் அது மறைந்துவிட்டாலும் அடுத்தது சிக்கிவிடும். அதனால் கேமராவின் ஷட்டர் தாமதம், அதாவது டிரிகர் சொன்னபின் ஷட்டர் திறக்க ஆகும் நேரம், குறைய வேண்டும். அதற்கு ஃபோகஸை மேனுவலில் வையுங்கள், கேமரா தூங்கிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் கால் வினாடி, லென்ஸ் துளை எஃப்16, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 எனக்குச் சரியாக வந்தது.

சிங்கப்பூரில் காலையில் சுமத்ரா காற்று (சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் பலத்த காற்று) மழையோடு மேற்கிலிருந்து வந்தபோது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஜன்னலுக்கு உள்ளேயிருந்தே எடுத்தேன். மரீனா அணைக்கட்டுப் புல்வெளிக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு: இடி காதில் விழுந்தால் வெட்டவெளி வேண்டவே வேண்டாம். அப்புறம், இரவில் டிரிகரே தேவையில்லை. ஷட்டரை 10 வினாடி திறந்து வைக்கும் எக்ஸ்போஷர் அடுத்தடுத்துத் தொடர்ந்து ஓடினால் போதும்.