கிராம சபையில் பேச வேண்டும்: ஊராட்சி வேலை கணினிக்குப் போவதால் ஊருக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

கணக்குநோட்டு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் எங்கள் ஊர். நிறைய பெரிய வீடுகள், அதில் பாதிக்கு மேல் வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் கதவு திறக்கும். அந்த வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில்தான் நாங்கள் இருக்கிறோம்.

அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு பெரியவர் எழுந்து, "வாய்க்கால் தூர் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு, மூணு கம்பத்துல லைட் எரியல, இதுல கம்ப்யூட்டருக்கும் நெட்டுக்கும் எதுக்குக் காசு?" என்று கேட்டார். கூட்டம் கை தட்டியது. நானும் அவர் சொன்ன வாய்க்காலுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன், அவர் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மகளிர் குழுவில் 14 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் நோட்டிலிருந்து போனுக்கு மாறினோம், யார் எவ்வளவு பாக்கி என்ற சண்டை அதோடு நின்றது. அதனால் அவர் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது என்று மனசுக்குப் படுகிறது, எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கு அடுத்த சபை. வேகம், வெளிப்படை என்று பொதுவாகச் சொன்னால் எங்கள் ஊரில் எடுபடாது. ஊராட்சிக்கு இதனால் பணமாக, வேலையாக என்ன மிச்சம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். குறையையும் சொல்லுங்கள்.

பழைய பில்கலெக்டர் எழுதியது:

தாயி, நான் பேரூராட்சிகளில் 31 வருஷம் வீட்டுவரி வசூல் பண்ணினவன். எங்களுக்கு உயிரே ஒரு தாளில் இருக்கும்: கேட்பு, வசூல், நிலுவை. எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி. சொல்ல எளிதாக இருக்கிறது, ஆனால் கையால் எழுதிய காலத்தில் மார்ச் மாதம் முழுக்க இதைக் கூட்டிப் பார்ப்பதிலேயே கழியும். ஒரு வீடு கைமாறினால், இடிந்தால், இரண்டாகப் பிரிந்தால் பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்போம், அடுத்த வருஷம் புதுப் பேரேட்டுக்கு எடுத்து எழுதும்போது அந்தப் பென்சில் குறிப்பு விட்டுப் போகும். அப்படி விட்டுப்போன வீடு பத்து வருஷம் வரி இல்லாமலே நிற்கும். யாரும் திருடவில்லை, ஆனால் ஊருக்கு வர வேண்டிய காசு வரவில்லை. அந்தக் காசில்தான் உன் வாய்க்கால் தூர் எடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் பூட்டின வீடு. நம் பக்கத்தில் இதுதான் பெரிய தலைவலி. கேட்பு நோட்டீஸை யாரிடம் கொடுப்பது? வரி இன்னும் பாட்டையா பேரில் இருக்கும், பேரன்மார் சென்னையில் ஒருத்தர், கோலாலம்பூரில் ஒருத்தர். வாட்ச்மேன் கையில் கொடுத்தால் அது முகப்பில் தூணுக்குப் பின்னால் செருகப்பட்டு மழையில் நனைந்து போகும். நானே ஒரு வீட்டுக்கு எட்டு வருஷம் நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், அந்த வீட்டுக்காரருக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை என்று அவர் திருவிழாவுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அவர் அன்றைக்கே மொத்தப் பாக்கியையும் கட்டினார். கட்ட மனசு இருந்திருக்கிறது, கேட்க வழி இல்லாமல் இருந்திருக்கிறது. இன்றைக்கு ஊராட்சிகளுக்கே வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், தொழில்வரி எல்லாம் இணையத்தில் கட்ட அரசு தளம் இருக்கிறது. வரி எண்ணோடு ஒரு போன் நம்பரைச் சேர்த்துவிட்டால் போதும்.

இன்னொன்று, இதைச் சபையில் அழுத்திச் சொல். 2021 முதல் 2026 வரைக்கும் மத்திய நிதிக்குழு மானியம் வாங்க உள்ளாட்சிகளுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: முந்தைய வருஷக் கணக்கும், அதற்கு முந்தைய வருஷத்தின் தணிக்கை முடிந்த கணக்கும் மக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். அந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. ஆக, கணினிக்குச் செலவழிப்பது வாய்க்காலுக்கு எதிரான செலவு இல்லை, வாய்க்காலுக்குப் பணம் வரும் வழியே அதன் மூலமாகத்தான்.

கணக்கு வைப்பதில் நம் ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியவர்கள் பேரேடும் ஐந்தொகையும் காசு பிசகாமல் எழுதி ஊருக்கு அனுப்பியவர்கள். அந்தக் கண்டிப்பு பொதுக் கணக்குக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஒன்பதில் ஒரு பங்கு எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன பூட்டின வீட்டுக்காரர்களில் நானும் ஒருவன். எங்கள் வீடு ஒரு பேரூராட்சியில் இருக்கிறது, ஒன்பது பங்கு. அப்பச்சி இருந்தவரை வருஷம் ஒருமுறை ஊருக்கு வந்து கட்டிவிடுவார். அவருக்குப் பிறகு ஒவ்வொரு பங்காளியும் மற்றவர் கட்டியிருப்பார் என்று இருந்துவிட்டோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பணம் அனுப்பினோம், ரசீது வருவதும் உண்டு, வராமல் போவதும் உண்டு, கேட்கக் கூச்சம்.

இப்போது வரி எண்ணைப் போட்டால் ஒவ்வொரு அரையாண்டுக்கும் எவ்வளவு, கட்டியாகிவிட்டதா இல்லையா என்று ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி தெரிகிறது. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். நான் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கட்டிவிட்டு ரசீதைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறேன், அவரவர் பங்கை அனுப்பிவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், பேரூராட்சிக்கு வருஷக் கடைசியில் அலைந்து வாங்க வேண்டிய பணம் வருஷத் தொடக்கத்திலேயே கையில் இருக்கிறது, ஒருத்தர் எங்கள் வீட்டுப் படி ஏறாமல்.

குறையும் கேட்டீர்கள், சொல்கிறேன். முதலில் பதிவேற்றியபோது எங்கள் வீட்டின் பரப்பளவைத் தப்பாக ஏற்றிவிட்டார்கள், பின்கட்டில் ஓடு சரிந்து இல்லாமல் போன பகுதியையும் சேர்த்து. அதைத் திருத்த நான்கு மாதம் ஆனது, இரண்டு தடவை தம்பி நேரில் போனான். தப்பான கணக்கு தாளில் இருந்தால் ஒருத்தர் பேசிச் சரி பண்ணலாம், தளத்தில் ஏறிவிட்டால் "சிஸ்டத்தில் இப்படித்தான் இருக்கு" என்பதே பதிலாக வருகிறது. அதனால் ஏற்றும் நாளிலேயே ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு வீடு வீடாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். உங்கள் சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டு வரலாம்.

ஊருணிக்கரை எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரிதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. வரி வசூலை மட்டும் எடுத்துப் பேசினால், "எங்ககிட்ட காசு பிடுங்கத்தான் கம்ப்யூட்டர்" என்றுதான் ஊர் புரிந்துகொள்ளும். செலவுப் பக்கத்தையும் சேர்த்துப் பேசுங்கள் அக்கா.

ஊராட்சியின் பெரிய செலவில் ஒன்று மின்கட்டணம், தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும். விளக்கு விடிந்து எட்டு மணி வரை எரிவதையும், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடுவதையும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நம் பக்கத்து விவசாயிகள் போனிலேயே மோட்டார் போடுகிறார்கள், நிறுத்துகிறார்கள், மின்சாரம் வந்தால் குறுஞ்செய்தி வருகிறது. அதே ஸ்டார்ட்டரைத்தான் எங்கள் ஊராட்சி தொட்டிக்குப் போட்டது, கூடவே விளக்குக்கு நேரச் சுவிட்சு. டேங்க் ஆபரேட்டர் ராத்திரி இரண்டு மணிக்கு சைக்கிளில் போக வேண்டியதில்லை. இதெல்லாம் பெரிய மென்பொருள் இல்லை, ஆனால் இதுவும் அதே மாற்றம்தான்.

புகார் விஷயத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் "லைட் எரியல" என்று போட்டால் அது காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மேலே போய்விடும். கம்பத்துக்கு எண் போட்டு, புகாருக்கு எண் கொடுத்து, எந்தத் தேதியில் சரிசெய்தார்கள் என்று எழுதினால் ஆறு மாதத்தில் ஒரு உண்மை தெரியவரும்: ஒரே கம்பம் திரும்பத் திரும்பப் பழுதாகிறது. பல்பை மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் பதில் வயரை மாற்றலாம்.

கடைசியாக என் மனசுக்கு நெருக்கமான விஷயம். செட்டிநாட்டு ஊர்கள் மழைத்தண்ணீரைக் கணக்குப் பண்ணிக் கட்டியவை. கூரையில் விழுந்தது தெரு ஓரத்து வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். இந்த ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள், வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் மாளிகையைப் படம் எடுக்கிறார்கள், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டு வரும் வரத்துக்காலை யாரும் பார்ப்பதில்லை, அதில் மண் மேடும் சிமெண்டுத் திண்ணையும் ஏறிவிட்டன. தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் அ-பதிவேடும் (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்ற பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) யாரும் எடுத்துப் பார்க்கலாம், ஒரு சர்வே எண் புறம்போக்கா இல்லையா என்றும் பார்க்கலாம். அது வருவாய்த் துறையின் ஆவணம், ஊராட்சியுடையது இல்லை, சபையில் குழப்பிவிடாதீர்கள். ஆனால் ஊராட்சி அதை வைத்துக்கொண்டு தன் ஊருணி, வரத்துக்கால், களம், சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் போன் வரைபடத்தில் குறித்து வைத்தால், பத்து வருஷம் கழித்து வரும் தலைவருக்கும் எது பொதுச்சொத்து என்று தெரியும். 2025 ஜனவரியில் நம் மாவட்டத்தில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தபோது, பல சங்கதிகள் பழைய தலைவரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தன என்பதைக் கண்ணால் பார்த்தேன். குழாய் வால்வு எந்த மண்ணுக்குக் கீழே இருக்கிறது என்பதற்குக்கூட ஆள் தேட வேண்டியிருந்தது.

ஆச்சி வீட்டுப் பேத்தி எழுதியது:

எல்லாம் சரி, கவுண்ட்டரை மூடிவிடாதீர்கள். எங்கள் ஆச்சிக்கு 81 வயசு, தனியாக இருக்கிறார், பட்டன் போன்தான். ஓடிபி என் போனுக்கு வரும், நான் பெங்களூரில் மீட்டிங்கில் இருப்பேன், ஆச்சி அங்கே அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அது பெரிய வேதனை. ஊராட்சி அலுவலகத்திலேயே கார்டு மிஷினும், கையில் பணம் வாங்கி உடனே அச்சுரசீது தரும் ஆளும் இருக்க வேண்டும். பணம் வாங்கினாலும் கணக்கு அதே இடத்தில் ஏறட்டும். ஆச்சி தளத்தைத் தொடாமலே தளத்தின் பலன் அவருக்குக் கிடைக்கும்.

பிறப்பு, இறப்புச் சான்று விஷயத்தில் மட்டும் மனசாரப் பாராட்டுகிறேன். எங்கள் வீட்டு ஐயா இறந்தபோது சான்றிதழை வீட்டில் உட்கார்ந்தே இறக்கிக்கொண்டோம், வங்கிக்கும் ஓய்வூதியத்துக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டோம். துக்க வீட்டிலிருந்து ஒருத்தர் அலுவலகத்துக்கு நாலு நடை நடக்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

கணக்குநோட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ராத்திரி உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பில் கலெக்டர் ஐயா சொன்னதைப் பார்த்ததும் ஊராட்சிகளின் திட்டத்தையும் செலவையும் காட்டும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் எங்கள் ஊராட்சியைத் தேடினேன். 2020-இலிருந்தே இந்தத் தளம் இருக்கிறதாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எங்கள் தெரு வாய்க்கால் வேலை திட்டத்தில் இருக்கிறது, தொகையோடு. செலவுப் பக்கத்தில் அதற்குப் பணம் கொடுத்ததாகப் பதிவே இல்லை. அதாவது திட்டத்தில் போட்டும் பணம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் அதே கம்ப்யூட்டருக்குள்தான் இருந்திருக்கிறது.

நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய் இதைக் காட்டலாம் என்று இருக்கிறேன். சபையில் நான் பேசுவதைவிட அவரே இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் நன்றாக இருக்கும். கூடவே மூன்று தீர்மானம் கேட்போம்: வரிப் பட்டியலை ஏற்றும் முன் தெருவாரியாகப் படித்துக் காட்டுவது, கம்பத்துக்கு எண் போடுவது, கவுண்ட்டரில் பணம் வாங்குவதை நிறுத்தாமல் இருப்பது. வரத்துக்கால் வரைபடத்துக்கு எங்கள் குழுப் பெண்கள் நான்கு பேர் நடந்து குறிக்கத் தயார், ஊருணிக்கரை அண்ணே, எந்தச் செயலியில் குறிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய பில்கலெக்டர் எழுதியது:

நல்லது தாயி. தாளைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடு, அவருக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. திட்டப் பக்கம் ஒரு தாள், செலவுப் பக்கம் ஒரு தாள், இரண்டிலும் தேதி தெரியும்படி.