நைஜீரியாவின் தனியார்மய மின்துறை: சீர்திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
நைஜீரியாவின் பழைய அரசு மின்வாரியம் 6 உற்பத்தி நிறுவனங்களாகவும் 11 பகிர்மான நிறுவனங்களாகவும் மின்சாரத்தை உயர் அழுத்தத் தடங்களில் கொண்டுசெல்லும் ஒரு தொடரமைப்பு நிறுவனமாகவும் பிரிக்கப்பட்டு, 2013 நவம்பரில் தொடரமைப்பு நீங்கலாகப் பெரும்பாலானவை தனியார் கைக்குப் போயின. பகிர்மானத்தில் 40 விழுக்காட்டுப் பங்கை அரசு வைத்துக்கொண்டது. நிறுவுதிறன் ஏறத்தாழ 13,000 மெகாவாட். இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு வந்து சேருவதோ பெரும்பாலும் 4,000 முதல் 5,000 மெகாவாட்தான். மறுபடியும் அரசுடைமையாக்குவதா, இருப்பதையே திருத்துவதா?

பதில் 1:
லாகோஸில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மீட்டரிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் மீட்டர் கிடையாது. ஊருக்குப் போய் வீடு ஒரு மாதம் பூட்டியே கிடந்தபோதும், அதற்கு முந்தைய மாதத்தைவிடக் கூடுதலான தொகைக்கு ரசீது வந்தது. கேட்டதற்கு, அந்த மின்பாதையில் போன மொத்த மின்சாரத்தையும் மீட்டர் இல்லாத வீடுகளுக்குப் பங்கிட்டுப் போடுவதாகச் சொன்னார்கள். மின்சாரம் வந்தவுடன் தெருப் பிள்ளைகள் "அப் நேப்பா!" என்று கூவுவார்கள், நேப்பா என்பது பழைய அரசு மின்வாரியத்தின் பெயர், அந்தப் பெயர் 2005-லேயே மறைந்துவிட்டது, கூச்சல் மட்டும் மறையவில்லை. வாடிக்கையாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மீட்டர் இல்லாத நிலையில், எவ்வளவு விற்றோம், எவ்வளவு திருடு போனது என்பது நிறுவனத்துக்கே தெரியாது.

பதில் 2:
மீட்டர் வேண்டும்தான், ஆனால் அது பாதி நோய்க்கான மருந்து. அனல்மின் நிலையங்களுக்கான எரிவாயுவின் விலை டாலரில் நிர்ணயிக்கப்படுகிறது, மக்கள் கட்டுவது உள்நாட்டு நாணயமான நைராவில். 2023 ஜூனில் நைராவின் மாற்று விலையைச் சந்தையின் போக்குக்கு மிதக்கவிட்டதும் அதன் மதிப்பு சரிய, செலவுக்கும் கட்டணத்துக்கும் இடையிலான பள்ளம் விரிந்தது. வசூலில் விழும் துண்டு பகிர்மானத்தோடு நிற்பதில்லை: உற்பத்தியாளருக்குப் பாக்கி, அவர் எரிவாயுக்காரருக்குப் பாக்கி, எரிவாயு குறைந்ததும் உற்பத்தியும் குறைகிறது. போதாக்குறைக்கு, அரசிடம் இருக்கும் தொடரமைப்பு 2024-இல் பலமுறை முற்றாகச் சரிந்து, நாடே இருளில் கிடந்தது. இதற்குத் தனியாரை மட்டும் குறை சொல்ல முடியாது. அரசுடைமையாக்கினாலும் பாக்கி பாக்கிதான்.

பதில் 3:
2024 ஏப்ரலில் வந்த 'ஏ' பிரிவுக் கட்டணத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 20 மணி நேரம் மின்சாரம் பெறுவோருக்கு மட்டும் யூனிட் கட்டணம் 68 நைராவிலிருந்து 225 நைராவாக உயர்த்தப்பட்டது. தொடர்ந்து ஏழு நாள் அந்த அளவு தர முடியாவிட்டால் அந்த மின்பாதையைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. கொடுத்தால்தான் காசு என்ற இந்தக் கொள்கை எனக்குச் சரியாகவே படுகிறது, வசதியானோர் பகுதிகளுக்கே மின்சாரம் திருப்பிவிடப்படும் ஆபத்து இருந்தாலும். 2023-இன் மின்சாரச் சட்டம் மாநிலங்களுக்குத் தனிச் சந்தை அமைக்க வழிவிட்டிருக்கிறது. லாகோஸ் சமாளித்துக்கொள்ளும், வருவாயில்லாத வடக்கு மாநிலங்களின் பாடுதான் கவலை.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் மேலும் ஒரு ஐயம்: மீட்டர் பொருத்தும் செலவைக் கடன்பட்ட நிறுவனம் ஏற்க முடியாது, மக்களும் முன்பணம் கட்டத் தயங்குவார்கள். அரசு தன் 40 விழுக்காட்டுப் பங்குக்கு ஈடாகவாவது அந்தச் செலவில் பங்கேற்கக் கூடாதா?