உப்பு ஏறிய வயல்: அடுத்த சம்பாவுக்கு எந்த நெல் போடலாம்?

வேதாரண்யம் பக்கம், கடைமடையில் ஒன்றரை ஏக்கர். 2018 கஜா புயலுக்கு முன்பு நன்றாக விளைந்த வயல்தான். அப்புறம் ஒவ்வொரு கோடையிலும் உப்பு மேலே ஏறுகிறது. மாசி பங்குனியில் வரப்போரம் வெள்ளையாகப் பூத்து நிற்கும், விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும்.

நட்ட இரண்டாவது வாரத்தில் இலை நுனி வெளுத்து, பிறகு பழுப்பாகிச் சுருள்கிறது. தூர் கட்டுவதில்லை. தாழ்வான மேற்கு மூலையில் திட்டுத் திட்டாகப் பயிரே இல்லை. போன சம்பாவில் பாதிக் கதிர் பதர்.

மண் பரிசோதனையில் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 6.2, பி.எச். 7.8. போர் தண்ணீரும் உவர்ப்பு, அதைப் பாய்ச்சுவதை நிறுத்தியாயிற்று.

பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். துத்தநாக சல்பேட் போட்டேன். உரக்கடையில் ஜிப்சம் போடச் சொன்னார்கள், போட்டும் பலனில்லை. பி.எச். 8.5-க்கு மேல் போன களர் (சோடியம் ஏறிய) நிலத்துக்குத்தானே அது, இது வெறும் உவர் (உப்பு) நிலம். மழைநீரைத் தேக்கி வடித்தால் உப்பு இறங்கும் என்பது தெரியும். ஆனால் ஐப்பசி மழையில் வடிகால் வாய்க்காலே நிரம்பி நிற்கும்போது எங்கே வடிப்பது? நட்டது பொன்னி, அது இந்த உப்பைத் தாங்காது.

இப்போது கையில் இரண்டு வழி: குழியடிச்சான் என்ற பாரம்பரிய நெல்லை நேரடியாக விதைப்பது, அல்லது கோ 43 ரக நாற்றை நன்றாக முற்றவிட்டுக் குத்துக்கு நாலாக நடுவது. இந்த அளவு உப்பில் இரண்டையும் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், எது நின்று விளைந்தது?