சங்கக்கடைத் தராசும் பேரனின் பாம்பும்

கொக்குவிலிலிருந்து:

முப்பத்தொரு வருடம் சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், தராசு பிடித்தவன் நான். அரிசி, சீனி, மைசூர்ப் பருப்பு எல்லாம் நிறுத்திருக்கிறேன். ஒரு நாள் பாம்பையும் நிறுப்பேன் என்று எந்தச் சாத்திரியும் சொல்லவில்லை. ரொறன்ரோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் நின்றபோது அந்த உத்தியோகமும் கிடைத்தது.

பேரன் வளர்ப்பது கோர்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் நஞ்சில்லாத பாம்பு. நான் போனபோது 21 கிராம், பென்சில் பருமன். முட்டையிலிருந்து வரும்போது ஏழெட்டுக் கிராம்தான் இருக்குமாம். அந்த வயதில் சமையலறைத் தராசு உதவாது. ஒரு கிராம் பிசகினால் எட்டில் ஒரு பங்கே பிசகிவிடும். அதனால் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் இருப்பதுபோல் சின்னத் தராசு ஒன்று வைத்திருந்தான். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியை அதில் வைத்துப் பூச்சியமாக்கி, பிறகு பாம்பை உள்ளே விட வேண்டும். கிழமைக்கு ஒரு தரம், இரை கொடுப்பதற்கு முன்பு.

மூன்றாம் கிழமை 26 கிராம் 24 ஆகிவிட்டது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. கடையில் இருப்புக் குறைந்தால் வருகிற அதே பயம்! "அம்மப்பா, அது கழித்திருக்கிறது, கூட்டைப் பாருங்கள்" என்றான் பேரன். உண்மைதான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. "பிள்ளை மெலிந்துவிட்டது, இன்னும் ஒரு எலிக்குஞ்சு கொடு" என்று நச்சரித்து இரண்டு கொடுக்க வைத்தேன். போதாக்குறைக்கு மறுநாளே அதைக் கையில் தூக்கி, ஊரில் இருந்த மனைவிக்கு வீடியோவில் காட்டினேன். அன்றிரவே இரண்டையும் கக்கிவிட்டது. அந்த நாற்றத்தை எழுத முடியாது. பிறகு பத்து நாளுக்கு மேல் பட்டினி, அடுத்த இரையும் பாதியளவு. மகள் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரை, பாம்பின் உடல் மிகத் தடித்த இடத்தின் பருமனுக்கு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். உண்டபின் இரண்டு நாள் தொடக்கூடாது. முதுகெலும்பு கூரையின் முகடுபோல் துருத்தினால் மெலிவு. வளையும்போது செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால் கொழுப்பு. கொழுகொழுவென்று இருந்தால்தான் பிள்ளை என்கிற நம் ஊர்க் கணக்கு பாம்பிடம் செல்லாது.

இணுவிலிலிருந்து:

லண்டனில் தம்பியிடம் இருப்பது மேற்கு ஆபிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. ஒரு குளிர்காலம் முழுக்க எதையும் தொடவில்லை. அவன் கிழமைதோறும் நிறுத்து எழுதி வைத்த கொப்பியைப் பார்த்தபிறகுதான் மிருக வைத்தியர் அமைதியானார். எடை அசையவே இல்லை எனலாம். கொப்பி இல்லாவிட்டால் வீண் அலைச்சல்தான்.

சாவகச்சேரியிலிருந்து:

ஐயா, இதை வாசித்துவிட்டு இங்கே யாரும் வேலிப் பாம்பைப் பிடித்துவிடக் கூடாது. 1937இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் இலங்கைப் பாம்புகளில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது. என் மகன் ஒரு சாரைக் குட்டியை மீன்தொட்டியில் ஓர் இரவு வைத்திருந்தான். சாரை என்று அவன் சொன்னதை நம்பித்தான் நான் கிட்டவே போனேன். மாமி பக்தியோடு பால் வைத்தார். பாம்புக்குப் பால் செரிக்காது என்று யார் அவருக்குச் சொல்வது? விடிந்ததும் வடலிக்குள் விட்டுவிட்டோம். ஒரு சந்தேகம்: கிடுகுக் கூரையில் கிடந்த பாம்புச் சட்டையை அளந்தேன், ஐந்தரை அடி. பாம்பும் அவ்வளவு நீளமா?

கொக்குவிலிலிருந்து:

இல்லைத் தம்பி, பயப்படாதீர்கள். செதில்களுக்கு நடுவே மடிந்திருந்த தோலும் விரிந்து இழுபடுவதால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளம். பேரன் சட்டையை அளப்பதில்லை, கழற்றிய திகதியை மட்டும் குறிப்பான். அதற்கு முன் கண் பால்நீலமாக மங்கும், இரையையும் மறுக்கும். அந்தக் கிழமை எடை குறைந்தாலும் நான் இப்போது வாய் திறப்பதில்லை.

நேற்று அவன் அனுப்பிய கணக்கு: 58.4 கிராம், சட்டை வால்நுனி வரை முழுதாகக் கழன்றது. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "ஒன்றுதான் கொடுக்கிறானா இன்னும்?" என்று கேட்கிறாள்.