மார்லீஸ் மறுபடியும் முதல் சுற்றிலேயே வெளியே: பயிற்றுநரை மாற்றத்தான் வேண்டுமா?

மல்வேர்ன் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஐஸ் ஹாக்கியில் கோலி (வலை காப்பவன்) நிற்கிறான். என்.எச்.எல். என்ற மேல்மட்ட லீக்கில் ஆடும் லீஃப்ஸின் ஆட்டத்துக்கு நாங்கள் நாலு பேரும் போனால் அந்த மாதச் சாப்பாட்டுக் காசு கரைந்துவிடும். அதனால் 2018 இலையுதிர்காலத்தில் இருந்து ரொறன்ரோ மார்லீஸ்தான் எங்கள் அணி. ஒரு படி கீழே ஏ.எச்.எல். லீக்கில் ஆடும் லீஃப்ஸின் வளர்ப்பு அணி அது; ஆட்டக்காரரை லீஃப்ஸ் மேலே எடுக்கும், கீழே இறக்கும். யூனியனில் 509 ஸ்ட்ரீட்கார் ஏறினால் எக்ஸிபிஷனில் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

2024இல் பெல்வில்லிடம், 2025இல் கிளீவ்லாந்திடம் என்று இரண்டு தடவையும் பிளேஓஃபின் (பருவம் முடிந்து கப்புக்காக ஆடும் சுற்றுகள்) முதல் சுற்றிலேயே 2-1 என்று தொடரை விட்டுவிட்டோம். தலைமைப் பயிற்றுநர் ஜோன் குரூடனை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கொண்டுவர வேண்டும் என்று என் தம்பி அன்றைக்கே சொல்லிவிட்டான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏனென்று சொல்கிறேன். போன குளிர்காலம் ஒரு நாள் மார்லீஸ் பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. இளம் டிஃபென்ஸ் பையன் ஒருவன் சொந்த வலைக்குப் பின்னால் நின்று பக்கை (ரப்பர் வட்டை) நடுவாலே கொடுத்தான். அது நேரே எதிராளியின் தடியில் போய் விழுந்து கோல் ஆனது. பெஞ்சுக்கு வந்தவன் தலை நிமிரவில்லை, கையுறை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு இருந்தான். துணைப் பயிற்றுநர் டாப்லெட்டை அவன் மடியில் வைத்து விரலால் ஏதோ கீறிக் காட்டினார். இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது, அதே பையனைத் திரும்ப இறக்கினார்கள். அதே மூலை, அதே நெருக்கடி. இந்தத் தடவை பக்கைக் கண்ணாடியோடு சேர்த்து அடித்து வெளியே எடுத்துவிட்டான். அன்றைக்கு நாங்கள் தோற்றோம். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க மகன் அந்த இரண்டாவது அடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான்.

வெற்றியைப் பார்ப்பதா, இதைப் பார்ப்பதா? இந்த அணியின் பயிற்றுநரை எதை வைத்து நிறுக்கிறீர்கள்?

ரிக்கோ காலத்து ஆள்:

அக்கா, நீங்கள் சொன்ன காட்சி நல்ல காட்சிதான். ஆனால் வெல்வதும் வளர்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிர் என்பதை நான் ஏற்க மாட்டேன். 2018 ஜூன் 14ஆம் திகதி ஏழாவது ஆட்டத்தில் டெக்சாஸ் ஸ்டார்ஸை 6-1 என்று அடித்து ஏ.எச்.எல். கிண்ணமான கால்டர் கப்பை எடுத்தபோது நான் உள்ளே இருந்தேன். அப்போது எங்கள் அரங்கத்துக்குப் பெயர் ரிக்கோ கொலிசியம். அப்போதைய பயிற்றுநர் ஷெல்டன் கீஃபுக்கு அது மூன்றாவது பருவம். அந்த அணியில் இருந்த ட்ரெவர் மோர், மேசன் மார்ச்மென்ட், ஜஸ்டின் ஹோல் எல்லாம் பிறகு என்.எச்.எல். போய் நிலைத்தார்கள். கீஃபையே 2019 நவம்பரில் லீஃப்ஸ் மேலே எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமும், 2019இல், சார்லட்டோடு அரையிறுதி வரைக்கும் போனோம். அதற்குப் பிறகு 2025 வரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையே!

2025இல் கப் எடுத்த அபட்ஸ்ஃபோர்டைப் பாருங்கள். அங்கேயும் அவர்களுடைய என்.எச்.எல். அணியான வன்கூவர் ஆட்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. மனி மல்ஹோத்ரா தலைமைப் பயிற்றுநராக வந்த முதல் வருடமே வென்றுவிட்டார். அப்படியென்றால் நாங்கள் கேட்பது பெரிய ஆசையா?

புள்ளிக் கணக்கு:

அண்ணா, 2018 பற்றி ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த ஏப்ரலில் பொஸ்டனிடம் லீஃப்ஸ் முதல் சுற்றிலேயே தோற்றது. அதனால்தான் அந்திரேயாஸ் ஜோன்சனும் ட்ராவிஸ் டெர்மட்டும் கீழே வந்து மார்லீஸுக்கு ஆடினார்கள். பிளேஓஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த ஜோன்சனுக்குத்தான் போனது. கீஃபின் திறமையை நான் குறைக்கவில்லை. கையில் யார் இருக்கிறார் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

2024-25ஐ எடுங்கள். மேலே லீஃப்ஸ் கோலி ஸ்டோலார்ஸுக்கு முழங்காலில் அடி, உடனே கீழேயிருந்து கோலி போக வேண்டும். மார்லீஸ் கோலி ஹில்டபி போவதும் வருவதுமாக இருந்தார். இரண்டு அரங்கமும் ஒரே நகரத்தில் இருப்பதால் காலையில் அழைத்தால் மாலையில் ஆள் அங்கே நிற்கலாம். லீஃப்ஸுக்கு அது வசதி, மார்லீஸ் பயிற்றுநருக்குத் தலைவலி. அதிலும் வேவர்ஸ் (கீழே இறக்குமுன் மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள விடும் முறை) தேவைப்படும் ஆளைக் கீழே இறக்கினால் வேறு அணி தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம். அதனால் வேவர்ஸ் தேவையில்லாத இளம் பையன்களைத்தான் மேலும் கீழும் இழுக்கிறார்கள். சேர்ந்து ஆடும் மூன்று பேர் லைனுக்குள் பழக்கம் பிடிக்கும்போது நடு ஆள் போய்விடுவான்.

அனுபவக்காரரை வைத்து ஓட்டையை அடைக்கவும் முடியாது. ஏ.எச்.எல். விதிப்படி இறங்கும் 18 பேரில், கோலி சேராமல், 13 பேர் வளரும் ஆட்டக்காரராக இருக்க வேண்டும். அந்த 13இல் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. இளம் பையன்களை ஆடவைக்கத்தான் இந்த லீக்கே இருக்கிறது.

ஹமில்டன் பக்கத்து ஆள்:

குரூடனை எங்களுக்கு முன்னமே தெரியும். 2018இல் ஹமில்டன் புல்டாக்ஸுக்கு ஓ.எச்.எல். (ஒன்ராறியோ இளையோர் லீக்) கிண்ணம் எடுத்துத் தந்தவர். அப்புறம் பொஸ்டனில் துணைப் பயிற்றுநர். அந்த 2022-23 பொஸ்டன் 65 ஆட்டம் வென்று சாதனை வைத்துவிட்டு, முதல் சுற்றிலேயே புளோரிடாவிடம் விழுந்தது. அதுவும் ஏழு ஆட்டத் தொடரில்! இங்கே 72 ஆட்டம் ஆடிவிட்டு மூன்றே ஆட்டத்தில் தலைவிதியைத் தீர்க்கிறார்கள். ஒரு கோலிக்கு ஒரு கெட்ட இரவு போதும், எல்லாம் முடிந்துவிடும்.

இருந்தாலும் இரண்டு வருடம் தொடர்ந்து ஒரே முடிவு வந்தால் கேள்வி கேட்பது நியாயம்தான். நான் என்றால் இன்னும் ஒரு பருவம் கொடுப்பேன்.

மல்வேர்ன் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. அந்த 260 ஆட்ட விதி எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. இதை வாசித்துக் காட்டியதும் தம்பியும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறான்.

ரிக்கோ அண்ணா, உங்கள் ஆசை பெரிய ஆசையே இல்லை. கப் வென்ற அந்த இரவை என் மகனும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கும் கிடக்கிறது. ஆனால் தோல்விக்குக் காரணம் பெஞ்சில் நிற்பவரா, மேலே இருந்து வரும் தொலைபேசி அழைப்பா என்று பிரித்துப் பார்க்காமல் ஒருவரை அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பையனைத் திரும்ப இறக்கிய இடத்தில்தான் என் மனம் நிற்கிறது. என் மகன் ஒரு கோலை விட்டால் அவனுடைய பயிற்றுநரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைப்பேன்.

ஒக்டோபரில் திரும்பவும் பெஞ்சுக்குப் பின்னால்தான் ரிக்கற் எடுக்கப் போகிறேன். ஒரு கோல் பின்னால் நிற்கும்போது, கடைசி ஐந்து நிமிடத்தில் யாரை இறக்குகிறார்கள் என்று மகன் கொப்பியில் எழுதி வைப்பான். கிறிஸ்மஸுக்குப் பிறகு அதை இங்கே போடுகிறேன்.