மாமல்லபுரத்து யானை, ருத்திராட்சப் பூனை, யாளி: வரையும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கரிக்கோல் (கேள்வி)

வணக்கம். மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் உள்ள விலங்குகளை வைத்து ஏ3 அளவில் நான்கு மைச்சித்திரங்கள்: யானைக் கூட்டம், தவம் செய்யும் பூனை, மூக்கைச் சொறியும் மான், கூடவே ஏதாவது ஒரு கோயிலின் யாளித் தூண். மூன்று இடத்தில் சிக்கல்.

யானை பொம்மை மாதிரி வருகிறது, அதிலும் பின்னங்கால் குதிரைக்கால் போல ஆகிவிடுகிறது. சிங்க முகமும் யாளி முகமும் கடைசியில் நாய் முகமாக முடிகின்றன. மூன்றாவது, ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரியில் அந்த விலங்கின் பொருளை எழுத வேண்டும். தேடினால் "யானை என்றால் வலிமை, சிங்கம் என்றால் வீரம்" என்ற அளவில்தான் கிடைக்கிறது. யாளி முன்பு உண்மையிலேயே வாழ்ந்த விலங்கு என்றும் பலர் எழுதுகிறார்கள். சிற்பத்தையே பார்த்துச் சொல்லக்கூடிய பொருள் எது?

களிற்றடி

யானையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாறையில் நேரில் பார்த்துச் செதுக்கிய விலங்கு என்று தயங்காமல் சொல்லக்கூடியது அதுதான். எனவே உயிருள்ள யானையின் அளவுகளே உங்களுக்கும் உதவும்.

யானையின் தோள் உயரம், அதன் முன்னங்கால் பாதத்தின் சுற்றளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. படத்தில் இதைக் கணக்காக்கினால், பாதத்தின் அகலம் தோள் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வரும். தோள் வரை 16 செ.மீ. வரைந்தால் பாதம் 2.5 செ.மீ. இருக்க வேண்டும். பெரும்பாலான படங்களில் அது 1.5 செ.மீ.தான் இருக்கும். பொம்மைத்தனம் அங்கேதான் தொடங்குகிறது, மேலே எவ்வளவு நிழல் போட்டாலும் அந்த எடை திரும்பாது.

பின்னங்கால் குதிரையாவதற்குக் காரணம், குதிக்கால் மூட்டை நாம் காலின் நடுவில் வைத்துப் பின்பக்கம் மடக்குவது. யானைக்குத் தொடை நீளம். நடுவில் தெரிவது முழங்கால், அது மனிதருக்குப் போல முன்னோக்கி மடங்கும். கணுக்கால் தரையை ஒட்டி இருக்கும். யானை மண்டியிடும்போது பின்னங்கால் பின்பக்கமாக நீள்வதைப் பார்த்தால் இது உடனே பிடிபடும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு கோடு, அங்கிருந்து கீழே சற்றுச் சாய்ந்த ஒரு கோடு, அவ்வளவுதான். மூன்றாவது மடிப்பு வேண்டாம்.

நம் யானைக்குத் தலை உச்சிதான் உடலிலேயே உயரமான இடம். நெற்றிக்கு மேல் இரண்டு மேடுகள், நடுவில் ஒரு பள்ளம். முதுகு வில்லாக மேல்நோக்கி வளையும். முதுகு குழிந்து காது தோளை மூடிவிட்டால் அது ஆப்பிரிக்க யானை. இணையப் படத்தைப் பார்த்து வரைபவர்கள் அதிகம் வழுக்குவது இதில்தான். நகம் வழக்கமாக முன்னங்காலில் ஐந்து, பின்னங்காலில் நான்கு. துதிக்கை நுனியில் ஒரே ஒரு விரல், மேல்பக்கத்தில். தந்தம் வாயிலிருந்து வருவதில்லை. துதிக்கையின் அடியில் மேல்தாடையிலிருந்து இறங்குவதால், அந்த இடத்தில் தோல் ஒரு குழாய் போலப் புடைத்திருக்க வேண்டும்.

முடிந்தால் முதலில் ஐந்து ரதங்களுக்குப் போங்கள். அங்கே நகுல சகாதேவ ரதத்தின் பக்கத்தில் ஒரே கல்லில் குடைந்த யானை நிற்கிறது. பாறைச் சிற்பத்தில் ஒரு பக்கம்தான் கிடைக்கும், இதைச் சுற்றிவந்து எல்லாக் கோணத்திலும் வரையலாம். முக்கியமாக நேர் பின்பக்கத்திலிருந்து ஒரு படம் போடுங்கள். அப்படியே நிமிர்ந்து ரதத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள், அதே வளைவு. அந்தக் கட்டட வகைக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர். யானையை அங்கே வைத்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கல்தச்சுக் கூடம்

சிங்கமும் யாளியும் யானைக்கு நேர் எதிர். பல்லவர் சிற்பி தன் காட்டில் சிங்கத்தைப் பார்த்திருக்க வழியில்லை. அவருக்குக் கிடைத்தது வழிவழியாக வந்த ஒரு வடிவம். ஆகவே உண்மைச் சிங்கத்தின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமல்லபுரத்துச் சிங்கத்தைத் திருத்தாதீர்கள். இரண்டும் கெட்டுப்போகும்.

நாய் முகம் வருவது மூக்கும் வாயும் சேர்ந்த முன்பகுதி நீள்வதால். பல்லவச் சிங்கத்தின் முகத்தை ஏறக்குறைய ஒரு சதுரத்துக்குள் அடக்குங்கள். மூக்கு அகலமாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். கண் முன்பக்கம் பார்க்க வேண்டும், பிதுங்கி நிற்க வேண்டும், புருவம் அதன் மேல் தடித்த கயிறு போல ஏற வேண்டும். நாய்க்குக் கண் பக்கவாட்டில் ஒதுங்கும், நெற்றியிலிருந்து மூக்குக்கு ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பிடரி முடியைத் தனித்தனி இழையாகப் போடக்கூடாது, வரிசை வரிசையாகச் சுருள்கள். ஒரு சுருளின் பாதியில் அடுத்த வரிசைச் சுருள் தொடங்க வேண்டும், செங்கல் அடுக்குவது போல.

யாளி என்பது சேர்த்துக் கட்டிய உருவம். சிங்க முகம் என்றால் சிம்ம யாளி, துதிக்கையோடு இருந்தால் கஜ யாளி, குதிரை முகம் அஸ்வ யாளி, மகரம் என்ற முதலை போன்ற கற்பனை விலங்கின் முகமும் உண்டு. பாய்ந்து நிற்கும் பெரிய யாளித் தூண்கள் விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனால் ஒரே இடத்தில் நிறையப் பார்க்கலாம். திருவரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாய்பவை குதிரைகள். அவற்றின் காலடியில் வீரர்கள் புலியைக் குத்துகிறார்கள். அதை யாளித் தூண் என்று எழுதிவிடாதீர்கள்.

இந்தத் தூணை வரையும்போது உருவத்தை மட்டும் வரைந்தால் அது காற்றில் தொங்கும். முதலில் தூணின் நேர்கோட்டைப் போடுங்கள். யாளியின் முதுகு அந்தத் தூணோடு ஒரே கல்லாக ஒட்டியிருக்கிறது. பின்னங்கால் ஊன்றும் பீடம், கீழே பிடிபட்ட யானை, மேலே தலைக்கு மேல் போதிகை (உத்தரத்தைத் தாங்கும் தூண் தலைக்கட்டை), அதற்கும் மேல் கொடுங்கை (வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்பு). இந்த நான்கும் ஒரே நேர்கோட்டில் பாரத்தைக் கீழே இறக்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏ3 தாளை நெட்டுக்குத்தாக வைத்து, மேலும் கீழும் 3 செ.மீ. விட்டு, மீதி 36 செ.மீ.யை ஆறாகப் பிரியுங்கள். அடியில் ஒரு பங்கு பீடமும் யானையும், நடுவில் நான்கு பங்கு யாளி, மேல் ஒரு பங்கு போதிகை. இது சிற்ப நூல் அளவு இல்லை, தாளில் இடம் போதாமல் தலை வெட்டுப்படாமல் இருக்க ஒரு வசதி.

வாய்க்குள் உருளும் கல்லுருண்டை இருந்தால் அது எப்படி வந்தது என்று தெரிந்து வரைவது நல்லது. உருண்டையை வெளியிலிருந்து போடுவதில்லை. வாயை இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து, நடுவில் ஒரு கட்டியை விட்டுவிடுவார்கள். கட்டியின் மூலைகளைத் தட்டிப் பல முகமாக்கி, பிறகு உருட்டுவார்கள். பல் வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் நாக்கோடு ஒட்டியிருக்கும் கடைசிப் பிடிப்பை அறுப்பார்கள். அதை ஒரே அடியில் உடைத்தால் உருண்டையில் சில்லு பெயரும், அல்லது கோரைப்பல் போகும். அதனால் சிற்றுளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அறுக்க வேண்டும். உருண்டை எப்போதும் பல்லிடுக்கைவிடப் பெரிதாகவே இருக்கும். உங்கள் படத்திலும் பற்கள் உருண்டையின் மேல் குறுக்காக விழ வேண்டும். முழு வட்டமாகத் தெரிந்தால் கல் கீழே விழுந்துவிடும்.

கரிக்கோல்

பாத அகலக் கணக்கு ஒன்றே போதும், இதுவரை போட்ட எல்லா யானைகளும் எங்கே தவறின என்று புரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நன்றி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் இருக்கும் புலிக்குகை முகங்களைப் புலி என்று குறிப்பதா, யாளி என்றா? பிறகு பாறையின் கல்தன்மையை மையில் கொண்டுவர எந்த நேரத்து ஒளி நல்லது?

குறிஞ்சிக்கல்

புலிக்குகையில் மேடையைச் சுற்றி வளையமாக இருக்கும் பதினொரு முகங்களும் யாளி முகங்களே. பெயர் மக்கள் வழக்கில் வந்தது. "புலிக்குகை என்று அழைக்கப்படும் இடத்து யாளி முகங்கள்" என்று எழுதுங்கள்.

இப்போது பொருள். "யானை என்றால் வலிமை" என்பது பொய்யில்லை, ஆனால் எந்தச் சிற்பத்துக்கும் ஒட்டும் என்பதால் எதற்கும் பயனில்லை. அந்த விலங்கு எங்கே நிற்கிறது, பக்கத்தில் யார், என்ன செய்கிறது என்ற மூன்றையும் பாருங்கள்.

அந்தப் பாறை சுமார் 96 அடி நீளம், 43 அடி உயரம். நடுவில் இயற்கையான பிளவு. பிளவில் நாகர்கள் கைகூப்பி மேலேறுகிறார்கள். உச்சியில் நீர் தேக்கி இந்தப் பிளவு வழியே இறக்கியதற்கான தடயம் இருக்கிறது. கங்கை இறங்கும் காட்சி என்று கொள்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். அர்ச்சுனன் சிவனிடம் பாசுபதம் என்ற ஆயுதம் பெறச் செய்யும் தவம் என்பது மற்றொரு விளக்கம். எதை ஏற்றாலும் யானைகள் முகம் திருப்பியிருப்பது பிளவை நோக்கி, அதாவது நீரை நோக்கி. யானையை மழை மேகத்தோடு சேர்த்துப் பார்ப்பது நம் மரபில் ஆழமாக உள்ளது. திருமகள் மேல் யானைகள் குடத்து நீர் சொரிவதை அங்கேயே வராக மண்டபத்தில் பார்க்கலாம். எனவே யானைப் படத்துக்கு வலிமையைவிட நீரும் செழிப்பும்தான் பொருத்தம். இன்னொன்று: இயற்கையில் வளர்ந்த களிறு குட்டிகளோடு கூடிய பிடிக்கூட்டத்தில் நிலையாக இருப்பதில்லை. இங்கே தந்தமுள்ள களிறு முன்னால், பிடி பின்னால், காலடியில் குட்டிகள். உடலைக் கண்ணால் பார்த்துச் செதுக்கியவர், குடும்பத்தை மட்டும் மனத்தால் அமைத்திருக்கிறார். அந்த இடத்தில்தான் சிற்பி பேசுகிறார் என்பது என் எண்ணம்.

பூனைக்கு வருவோம். ருத்திராட்சப் பூனை என்று நாம் சொல்லும் வேடதாரிதான் அது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், கங்கைக் கரையில் தவக்கோலம் பூண்டு எலிகளை நம்பவைத்துத் தின்ற பூனையின் கதை வருகிறது. துரியோதனன் அதைச் சொல்லி அனுப்புவது தருமனைப் பழிக்க. கதை நடப்பது கங்கைக் கரையில் என்பதால் பாறையில் அது வந்த காரணமும் விளங்குகிறது. ஆனால் "போலிச் சாமியார்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மேலே கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் பாருங்கள், பிறகு கீழே பூனையைப் பாருங்கள். அதே நிலை. மெய்த்தவமும் பொய்த்தவமும் ஒரே வடிவத்தில், ஒரே கல்லில். பூனையை மட்டும் வெட்டி எடுத்து வரைந்தால் இந்தப் பொருள் போய்விடும். தாளின் மேல் மூலையில் தவசியின் உயர்த்திய கைகளையாவது மெல்லிய கோட்டில் சேருங்கள்.

மான் எளிது. பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மானுக்கு அச்சமில்லை. அஞ்சும் மான் காதை நிமிர்த்தி நான்கு காலும் ஊன்றி நிற்கும். சிங்கமும் இருக்கும் அதே பாறையில் மான் இப்படி ஓய்வாக இருப்பதே தவவனத்தின் அடையாளம். காதை விறைப்பாக வரைந்தால் பொருள் மாறிவிடும்.

யாளி வாழ்ந்த விலங்கா என்ற கேள்விக்கு விடை: இல்லை. அப்படி ஒரு விலங்கின் எலும்பு எங்கும் கிடைக்கவில்லை. சங்கப் பாடல்களில் ஆளி என்ற விலங்கு வருகிறது. அகநானூற்றில் அது யானையின் முகத்தில் அறைந்து வெண்தந்தத்தைப் பிடுங்குகிறது. அதே நூலில் புலியைப் பற்றியும் ஒரு நம்பிக்கை உண்டு: தான் அடித்த களிறு இடப்பக்கம் வீழ்ந்தால், உயிரே போனாலும் புலி அதை உண்ணாது. இவை விலங்கியல் குறிப்புகள் இல்லை. புலி மானத்துக்கு அளவுகோல், ஆளி யானையையும் மிஞ்சும் ஆற்றலுக்கு அளவுகோல். நாயக்கர் காலத் தூணின் அடியில் யானை பிடிபட்டுக் கிடப்பது இந்தப் பழைய எண்ணத்தின் தொடர்ச்சியாகவே எனக்குத் தெரிகிறது. உங்கள் இரண்டு வரிக்கு அது போதும்.

களிற்றடி

ஒளி பற்றி யாரும் சொல்லவில்லை. பாறை கிழக்கு நோக்கியது. சூரியன் உதித்தவுடன் ஒளி நேராக முகத்தில் விழும், புடைப்பு எல்லாம் தட்டையாகிவிடும். பத்து மணிக்கு மேல் நண்பகல் வரை ஒளி மேலிருந்து சரிந்து இறங்கும். அப்போதுதான் யானை வயிற்றின் கீழ் நிழல் விழுந்து குட்டிகள் தனியே பிரியும். பிற்பகலில் முழுவதும் நிழல். நிழலில் விவரக் குறிப்பு எடுக்கலாம், உருட்சி கிடைக்காது.

300 ஜிஎஸ்எம் சொரசொரப்புத் தாளில் கருப்பு மையை மூன்று கலவையாக வையுங்கள்: ஒரு துளி மைக்கு 20 துளி நீர், 8 துளி, 3 துளி. வெளிர் கலவை முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தில் போட்டால் விளிம்பு கலங்கி, கல் துணியாகிவிடும். கல்லின் பொரிப்புக்குத் தூரிகையைத் துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் தாளின் மேல் சாய்த்து இழுங்கள். பென்சில் என்றால் 2பி, 6பி போதும், ஆனால் விரலாலோ காகிதத்தாலோ தேய்க்காதீர்கள், அது சுண்ணாம்புப் பொம்மை ஆகும். கண்மணியைக் கருப்பாக நிரப்பவும் வேண்டாம். கல்லில் கருமை கிடையாது, பள்ளம் மட்டும்தான்.

சிற்பத்தின் மேல் தாள் வைத்துத் தேய்த்து உருவெடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம், தொடவே கூடாது. அதற்குப் பதில், அதே ஊரில் முற்றுப்பெறாத இன்னொரு தபசுச் சிற்பம் இருக்கிறது. உருவம் பாறையிலிருந்து பாதி வெளிவந்த நிலையில், எதை முதலில் ஒதுக்கினார்கள், எந்த விளிம்பை முதலில் பிடித்தார்கள் என்பது உளித்தடத்தோடு தெரியும். பெரிய பாறைக்கு முன் உட்காரும் முன்பு அங்கே ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.